தேரைத் தொட்டி

தேநீரைக் குடித்து முடிக்கக்கூட விடாமல் டொரதி அன்று காலையில் கணவன் லோரன்ஸைப் பழைய தொட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மெதுவா வாங்க. சத்தம் கேட்டா ஓடிரும்.”

“எது?”

“வந்து பாருங்கன்னா! கையில கோப்பைய வச்சுக்கிட்டு என்னா கேள்வி?”

தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து யாரோ கையால் அப்பிவிட்டுப் போனதுபோல இருந்தது. அந்த நுரைக்குள் பாதி புதைந்தபடி பெரிய தேரை ஒன்று. அதன் முதுகில் சின்னது ஒன்று. பெரியது பின்னங்கால்களை மாற்றி மாற்றி அடித்து நுரையைக் கடைந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களா, வேலையெல்லாம் பொம்பளைக்கு. ஐயாவுக்கு முதுகுல சவாரி.”

“அவரும்தான் கால ஆட்டுறாரு.”

“ஆட்டுறாரு, ஆட்டுறாரு. நீங்க வீட்டுல வெங்காயம் உரிக்கிற மாதிரி.”

லோரன்ஸ் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் சிந்தியது. டொரதி முந்தானையால் துடைத்துவிட்டாள். ஸ்டோர் மணி அடித்தது. அவன் வேலைக்குப் போனான்.

1934ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசி அது. சித்திரையிலிருந்து மழை சரியாகப் பெய்யவில்லை. முந்திய இரவு ஒரு தூறல் விழுந்திருந்தது. அதை நம்பித்தான் தேரைகள் குடித்தனத்தில் இறங்கியிருந்தன.

கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே மகாவலி வளைந்து போகும் இடத்தில், ஆற்றிலிருந்து அரை மைல் மேட்டில் இருந்தது அந்தத் தோட்டம். தேயிலை இல்லை, கொக்கோ. லோரன்ஸ் அங்கே ஸ்டோர் கணக்கப்பிள்ளை. காயை உடைத்துக் கொட்டையை எடுத்து, பெட்டியில் போட்டு வாழையிலையால் மூடி நாலைந்து நாள் புளிக்கவிட்டு, பிறகு தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்துக் கழுவி, வெயிலில் காயப்போட வேண்டும். அவ்வளவும் அவன் பொறுப்பு. மேல் ஓடையிலிருந்து ஒரு சிமெந்துக் கான் கழுவும் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும். அந்தக் கானில் ஒரு பலகை உண்டு. பலகையைத் திருப்பினால் மிச்சத் தண்ணீர் பக்கத்திலிருக்கும் பழைய தொட்டிக்குப் போகும். பழைய தொட்டி பாசி பிடித்தது, கொக்கோவுக்கு ஆகாது. ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பீலித் தண்ணீர் வற்றிய நாளிலிருந்து லயத்துப் பெண்கள் அதில்தான் மொண்டு குளித்தார்கள், துணி துவைத்தார்கள். லோரன்ஸின் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். குடிப்பதற்கு மட்டும் மேலே ஓர் ஊற்று இருந்தது.

இதற்குத் துரையிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை. லோரன்ஸ் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டான். அவன் தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் பாதி அப்படிப் பார்க்காததுபோல இருந்து செய்தவை. கெட்ட காரியங்களும் அப்படித்தான்.

அந்தத் தோட்டத்தில் தேரைக்குப் பஞ்சமில்லை. கொக்கோ மரத்தின் கவட்டில், வாழை மட்டைக்குள், ஸ்டோர் கதவின் நிலைமேல் என்று எங்கும் இருக்கும். பகலில் காய்ந்த இலையின் நிறத்தில் வெளிறிப்போய், கால்களை மடக்கிக் கண்ணை மூடிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கிடக்கும். விரல் நுனிகளில் பொத்தான் மாதிரி வட்டம். முதுகில் உடுக்கைபோல நடுவில் குறுகி இரு பக்கமும் விரிந்த ஒரு கருங்குறி. பொழுது சாய்ந்தால் கொட்டாப்புளியால் மரத்தைத் தட்டுவதுபோல டொக், டொக் என்று சத்தம் கேட்கும். லோரன்ஸ் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் ஒன்று நிரந்தரமாகக் குடியிருந்தது. செபமாலை சொல்லும்போது அது தலையை நீட்டினால், “கோயிலுக்கு வராத ஆளு, செபத்துக்காவது வந்தாரே” என்பாள் டொரதி. அவள் கண்டி டவுனில் பிறந்து கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். தோட்டத்துக்கு வந்து மூன்று வருஷமாகியும் எல்லாமே அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆறு நாள் அவள் காலையும் மாலையும் போய் நுரையைப் பார்த்தாள். மேலே காய்ந்து மஞ்சள் பொருக்காகியது. ஏழாம் நாள் அடிப்பக்கம் இளகிச் சொட்டத் தொடங்கியது. ஒவ்வொரு சொட்டோடும் மயிரிழை மாதிரி ஒரு வால் துடித்தபடி தண்ணீரில் விழுந்தது. லோரன்ஸ் கோப்பையில் மொண்டு வெயிலில் பிடித்துக் காட்டினான்.

“தலையப் பாரு. உருண்ட தலை. நுளம்புப் புழுன்னா குத்துக்கு நின்னு நெளியும். இது மீனு மாதிரி நீந்துது.”

“உங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. பாத்தா தெரியாதா?”

பார்த்தால் தெரியும். அதுதான் பிறகு அவனுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அதற்குள் கேகாலைப் பக்கம் காய்ச்சல் என்று லொறிக்காரர்கள் கதை கொண்டுவந்தார்கள். ஒரு கிராமத்தில் அடுப்பு மூட்ட ஆளில்லை என்றார்கள். நவம்பர் முதல் கிழமை சுகாதாரப் பகுதியிலிருந்து தோட்டத்துக்கு ஒரு கடுதாசி வந்தது. காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகாதபடி, தேங்கி நிற்கும் நீர் எல்லாவற்றையும் இறைத்துவிட வேண்டும், அல்லது மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய்க்குச் செலவு; இறைப்பதற்குச் செலவில்லை. துரை கடுதாசியைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கிறகரியிடம் கொடுத்து, ஒரு பொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கிறகரி யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் லோரன்ஸுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் முழந்தாளிடுகிறவர். கெட்ட மனிதர் அல்ல. மூன்று நாளாக வெயிலில் அலைந்து தகரம், சிரட்டை, உடைந்த பானை எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டு வந்தவர், பழைய தொட்டியை எட்டிப் பார்த்ததும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார்.

“என்ன ஐசே உது? நுளம்புப் புழு நெளியுது, பாக்கேல்லையோ நீர்?”

“அது தேரைக் குஞ்சுங்க. தலைப்பிரட்டை.”

“எது? உந்த நூல் மாதிரிக் கிடக்கிறதோ?”

“இப்பத்தான் விழுந்திருக்கு. ரெண்டு கிழமையில பெருசாயிரும்.”

“ரெண்டு கிழமையில தோட்டமே காய்ச்சலில கிடக்கும். துரை வந்து பாத்தா தலைப்பிரட்டை எண்டு நான் வகுப்பு நடத்தட்டோ? திறந்துவிடும் ஐசே.”

லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். டொரதியும் நின்றாள். கோப்பையை எடுத்து மொண்டு கிறகரியின் மூக்குக்கு நேரே நீட்ட லோரன்ஸுக்கு ஒரு நிமிஷம் போதும். “பாருங்க, இது மீன் மாதிரி நீந்துது” என்று சொல்ல அரை நிமிஷம். ஆனால் அடுத்த மாதம் துரை யாரை ஸ்டோரில் வைப்பது, யாரை மடுல்கெல்லப் பக்கம் இன்னொரு தோட்டத்துக்கு அனுப்புவது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அவன் கானின் பலகையைத் திருப்பித் தண்ணீர் வருவதை நிறுத்திவிட்டு, குனிந்து தொட்டியின் அடைப்பை இழுத்தான். தண்ணீர் கலகலவென்று வடிகானில் இறங்கிக் காய்ந்த வாழைக்கன்றுகளுக்குள் போய் மறைந்தது. சிமெந்து வெளிச்சத்துக்கு வந்தது. மூலையில் கொஞ்ச நேரம் கறுப்பாக ஏதோ துடித்தது.

“அப்ப நாங்க எங்க குளிக்கிறது?” என்று கேட்டாள் இரத்தினம்மா. மேல் லயத்தில் பெண்களுக்கெல்லாம் வாய் அவள்தான்.

“ஆறு கிடக்குதே! மகாவலியைவிடப் பெரிய தொட்டி வேணுமோ?” என்றார் கிறகரி. அவரோடு வந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். லோரன்ஸும் சிரித்தான்.

மறுநாளிலிருந்து பெண்கள் ஆற்றுக்குப் போனார்கள். வேலை விட்டு, பிள்ளைகளையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்க ஐந்து மணி. குளித்துத் துவைத்துத் திரும்பி ஏற இருட்டும். அந்த வருஷம் மகாவலி ஆறாகவே இல்லை. நடுவில் ஒடுக்கமாக ஒரு ஓட்டம். மற்ற இடமெல்லாம் பாறைக்கும் மணலுக்கும் நடுவே தனித்தனிக் குட்டைகள்.

டொரதியும் போனாள். ஸ்டோர் கணக்கப்பிள்ளையின் மனைவி லயத்துப் பெண்களோடு மாராப்புக் கட்டி ஆற்றில் குளிப்பதா என்று லோரன்ஸ் முகத்தைச் சுளித்தான்.

“கழட்டிக் குடுங்க,” என்றாள் டொரதி.

“எத?”

“உங்க கௌரவத்த. அதையும் மூட்டையில கட்டிக்கிட்டுப் போயித் துவச்சுக்கிட்டு வர்றேன்.”

முதல் கிழமை அவளுக்குத் திருவிழாவாக இருந்தது. கண்டிக் குழாயில்கூட இப்படித் தெளிவான தண்ணீர் வராது என்றாள். இரத்தினம்மாவின் கடைசி மகள், ஆறு வயசுக்காரி, இவள் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்ததைச் சொன்னாள். காலெல்லாம் நுளம்பு கடித்த தடிப்பு. அதற்கு எலுமிச்சங்காய் தேய்த்தாள். இரண்டாம் கிழமை ஏற்றம் அவளைத் தின்றது. ஈரத்துணி மூட்டையோடு ஏறிவந்து குசினி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். அப்போதும் பேச்சுக்குக் குறைவில்லை. “குளிச்சிட்டு மேல வந்து சேர்றதுக்குள்ள இன்னொருக்காக் குளிக்கலாம், வேர்வையில.”

தொட்டி காய்ந்த பிறகும் தேரைகள் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பொழுது சாயவும் அதே சுவரில் நின்று தட்டின. கழுவும் தொட்டியிலிருந்து கசிந்து, அடியில் உள்ளங்கையளவு ஈரம் எப்போதும் இருந்தது. நவம்பர் நடுவில் ஒரு சோடி அந்த ஈரத்தை நம்பி மறுபடியும் நுரை கட்டியது. நாள் வந்ததும் நுரை இளகியது; குஞ்சுகள் சொட்டின; சிமெந்தில் விழுந்து, வெயில் ஏறுவதற்குள் எள்ளுப்போலக் காய்ந்தன. கிறகரி வந்தால் இதற்கும் ஏதாவது சொல்வார் என்று லோரன்ஸ் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டித் தள்ளினான். தலை நிமிர்ந்தபோது கானின் அந்தப் பக்கம் இரத்தினம்மா நின்றுகொண்டிருந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் கடைசியில் மேல் லயத்தில் காய்ச்சல் விழுந்தது. முதலில் பிள்ளைகள். பிறகு பெண்கள். ஆண்கள் கடைசியில்தான். ஏன் அந்த வரிசை என்று யாரும் யோசிக்கவில்லை, லோரன்ஸும் யோசிக்கவில்லை. கிறகரி வாளியில் கொய்னா மருந்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். குடித்தவர்கள் துப்பாமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உழைப்பில் குறை சொல்ல முடியாது.

டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மத்தியானம், இரத்தினம்மா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். இடுப்பில் அந்தக் கடைசி மகள். லோரன்ஸ் புளித்த கொட்டையைப் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தான்.

“ஐயா, ஒரு வார்த்த சொல்லணும். கோவிக்கக் கூடாது.”

“கோவிக்கிற மாதிரி இருந்தா சொல்லாத.”

“அப்ப கோவிங்க. நான் சொல்லிட்டுத்தான் போவேன்.” மகளின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். “புள்ளயப் பாருங்க. கை காலு குச்சி, வயிறு பான. இது தேரை தோசம். தொட்டியத் தொறந்துவிட்டு அது குஞ்சு அம்புட்டையும் கொன்னோம். பொறகு வச்ச கூட்டையும் நீங்க வெளக்கமாத்தால கூட்டித் தள்ளுனீங்க. தேரைக்கு வாயில்ல. அதான் புள்ளைக மேல எறங்கிருச்சு.”

“கொய்னா குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. குடிச்சுட்டுத்தான் நடுங்குது.”

“இப்ப என்னாதான் செய்யச் சொல்ற?”

“அந்தப் பலகையத் திருப்புங்க. தொட்டி நெறையட்டும். மூணு செவ்வாக்கெழம மஞ்சத்தண்ணி ஊத்துறோம். தேரை திரும்பி வந்து கூடு வச்சு, குஞ்சு தண்ணியில விழுந்துருச்சுன்னா தோசம் கழிஞ்சிரும். அதுவரைக்கும் பொம்பளைகளும் புள்ளைகளும் அந்தத் தண்ணியிலதான் குளிக்கணும். வேற தண்ணி ஒடம்புல படக்கூடாது.”

லோரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

“நான் ஞாயித்துக்கிழம பூசை காணுறவன், இரத்தினம்மா. என்னையக் கொண்டு தவளைக்குப் பூசை போடப் பாக்குறியா?”

“ஒங்கள யாரு போடச் சொன்னா? பலகையத் திருப்புங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.”

“கடுதாசியில கட்டளை வந்திருக்கு.”

“அதை எழுதுனவரு எந்த ஆத்துல குளிக்கிறாரு ஐயா?”

அவனுக்குக் கோபம் வந்தது.  போய் வேலையைப் பார் என்றான். அவள் போனாள். அந்தச் சிறுமி இடுப்பிலிருந்தபடியே திரும்பி, டொரதி எங்காவது தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டு போனது.

அன்று மாலை டொரதி ஆற்றுக்குப் போகவில்லை. அவன் வரும்வரை குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

“இரத்தினம்மா வந்தாளாமே.”

“வந்தா. தேரை சாபமாம்.”

“சாபமோ மண்ணாங்கட்டியோ, தண்ணிய விடுங்க. என்னால இனி ஏற முடியல.”

“நீ படிச்சவ. நீயும் அவளோட சேர்ந்து பேசுறியா?”

“நான் சாபத்துக்குப் பேசல. என் காலுக்குப் பேசுறேன். அவங்க மஞ்சத்தண்ணிய ஊத்தட்டும், பாலையே ஊத்தட்டும். உங்களுக்கு அதுல என்னா வந்துச்சு?”

“சாமியார் காதுல விழுந்தா? லோரன்ஸ் தேரைக்குப் பரிகாரம் செஞ்சான்னு கோயில் பூரா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. சாமியார் வந்து என் துணி மூட்டையத் தூக்குவாரா?”

“கிறகரி துரைகிட்ட சொல்லிருவாரு.”

“அதச் சொல்லுங்க முதல்ல,” என்றாள் டொரதி. “சாமியாரு, கோயிலு எல்லாம் எதுக்கு? கிறகரிக்குப் பயப்படுறேன்னு ஒரே வார்த்தையில சொல்லலாம்ல.”

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் பிறகு கேட்கவில்லை. மறுநாள் மாலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பெண்களோடு இறங்கிப் போனாள். கானில் பலகை இருந்தபடியே இருந்தது. ஒரு கையால் திருப்பக்கூடிய பலகை.

இரத்தினம்மாவின் மகள் அந்தச் சனிக்கிழமை செத்துப்போனது. டொரதி போய் அதைக் குளிப்பாட்டி, தன் பழைய பாவாடையில் தைத்த சட்டையைப் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் படுத்தாள். பல் கிட்டி நடுங்கத் தொடங்கியது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது காய்ச்சல். விட்ட நாளில் எழுந்து சமைத்தாள். “இது நல்ல துரை. ஒரு நாள் வேலை, ஒரு நாள் லீவு,” என்றாள். கொய்னாவை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். நத்தார்ப் பண்டிகைக்குக் கண்டிக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு லீவு நாள் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கண் மஞ்சளானது. ஆசுபத்திரியில் விறாந்தையிலும் இடமில்லை. பாயோடு வாசலில் கிடக்கிறார்கள் என்று போய்த் திரும்பியவர்கள் சொன்னார்கள். கிறகரி நாளுக்கு மூன்று தரம் வந்தார். கடைசித் தரம் வந்தபோது அவருக்கே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரி நாலாம் தேதி மாலை டொரதிக்கு நினைவு வந்தது. அல்லது வந்ததுபோல இருந்தது.

“பலகையத் திருப்பிட்டீங்களா?”

“திருப்பிட்டேன்,” என்றான் லோரன்ஸ்.

“தொட்டி நெறஞ்சிருச்சா?”

“நெறஞ்சிட்டு வருது.”

“அப்ப நாளைக்கு ஆத்துக்குப் போக வேணாம்,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதாவது அவன் எழுந்து போயிருக்கலாம். ஸ்டோர் நூறு அடி தூரம். சொன்ன பொய்யை ஐந்து நிமிஷத்தில் உண்மையாக்கியிருக்கலாம். அவன் எழவில்லை. அவள் கையைப் பிடித்தபடி இருந்தான். அதை அன்பு என்று அவன் அப்போது நினைத்துக்கொண்டான்.

மறுநாள், மூவிராசாக்கள் திருநாளுக்கு முந்திய தினம், அவளை அடக்கினார்கள். சேமக்காலையில் அன்று நாலு குழி. சாமியாருக்குச் செபம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் லோரன்ஸ் ஸ்டோருக்குப் போய்ப் பலகையைத் திருப்பினான். தண்ணீர் பழைய தொட்டியில் விழுந்தது. அடைப்பை இறுக்கிவிட்டு அங்கேயே நின்றான். யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தான். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் வசனமாக யோசித்து வைத்திருந்தான்.

யாரும் கேட்கவில்லை. மறுநாள் துரை இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்து போனார். கைத்தடியால் தொட்டி விளிம்பைத் தட்டிக்கொண்டே கொக்கோ காய்ந்துவிட்டதா என்று கேட்டார். தொட்டிக்குள் பார்க்கவே இல்லை. கிறகரி காய்ச்சலில் படுத்திருந்தார். இவ்வளவுதானா அந்தக் கட்டளை என்று லோரன்ஸுக்குத் தோன்றியது. இவ்வளவுக்காகவா?

பெப்ரவரியில் கண்டியிலிருந்து பஹ்மி என்ற இளைஞன் வந்தான். நீர்நிலைகளைச் சோதிக்கிற வேலை. வெள்ளைக் கிண்ணமும் நீளக் கரண்டியும் வைத்திருந்தான். பழைய தொட்டியில் மொண்டு மொண்டு பார்த்தான்.

“இதுல ஒண்ணுமில்லேங்க. இது எப்பவும் இப்படித்தான் நெறஞ்சு இருக்குமா?”

“நடுவுல ரெண்டு மாசம் காய வச்சோம். நுளம்புக்குப் பயந்து.”

“இதுக்கா?” பஹ்மி கிண்ணத்தைக் கவிழ்த்தான். “காய்ச்சல் நுளம்பு பாசித் தண்ணிக்கு வராதுங்க. அதுக்கு வெயில் படுற, நல்லாத் தெளிஞ்ச தண்ணி வேணும். ஆத்துல குட்டை குட்டையா நிக்குதே, அங்கதான் எல்லாம். நேத்து ஒரு கரண்டியில அறுபது புழு எடுத்தேன். அந்திநேரம் அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க.”

லோரன்ஸ் தலையாட்டினான். பையன் தேநீர் குடித்தான், சலாம் சொன்னான், அடுத்த தோட்டத்துக்குப் போனான்.

கிறகரி அப்போதுதான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். லோரன்ஸ் அவர் வீட்டு விறாந்தையில் போய் நின்று, பஹ்மி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான். கிறகரி கதிரையில் குனிந்து உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியுமே ஐசே? தேங்கின தண்ணி எண்டு எழுதிக் கிடந்தது. ஆறும் தேங்குமெண்டு ஆர் கண்டது?”

“அது தலைப்பிரட்டைன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“சொன்னனீர்.” கிறகரி நிமிர்ந்தார். மெலிந்த முகத்தில் கண் பெரிதாகத் தெரிந்தது. “ஓம், சொன்னனீர்தான். ஆனால் பெலத்துச் சொல்லேல்ல.”

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பூசையில் பக்கத்து வாங்கில் முழந்தாளிடுவதையும் நிறுத்தவில்லை. சமாதானம் என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் வேறு இடத்தில் முழந்தாளிட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இரத்தினம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும் என்று அவன் நினைத்தான். அந்த மாதம் அவள் மூன்று செவ்வாய்க்கிழமை தொட்டிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். மூன்று தரமும் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். மூன்றாவது செவ்வாய் முடிந்ததும் சொன்னான்: தேரை தோஷம் இல்லை, நுளம்பு, ஆற்றிலே இருந்த நுளம்பு, தொட்டியில் இருந்தது வெறும் தேரைக் குஞ்சு, தொட்டியிலேயே குளித்திருந்தால் உன் பிள்ளையும் இருக்கும், என் டொரதியும் இருப்பாள்.

அவள் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“அதத்தான ஐயா நானும் சொன்னேன்?”

“நீ தேரை சாபம்னு சொன்ன.”

“ஆமா. நம்மள ஆத்துக்குத் தொரத்திவிட்டது எது? அதுதான சாபம்.”

அவன் மறுத்துப் பேச வாயெடுத்தான்.  அவள் சொன்னது முழுக்கப் பிழை. ஆனால் அவள் கேட்டதைச் செய்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். படித்தவன் என்று தன்னை நினைத்துக்கொண்ட ஒருவனுக்கு அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழ்வது எளிதாக இருக்கவில்லை. பிறகு வந்த வருஷங்களில் அவன் மழையையும் பார்த்தான், நல்ல விளைச்சலையும் பார்த்தான். துரை மாறினார். அவனை மடுல்கெல்லப் பக்கம் யாரும் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து போன உறவினர்கள் மறுகலியாணம் பற்றிப் பேசினார்கள், களைத்து நிறுத்தினார்கள். இரத்தினம்மா தோட்டத்துக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு அந்தக் காய்ச்சல் வருஷத்தைச் சொல்லும்போதெல்லாம் தேரையில்தான் தொடங்குவாள். அவன் பக்கத்தில் நின்றாலும் திருத்துவதில்லை.

ஆற்றுக்கு இறங்கும் பாதையும் அங்கேதான் கிடக்கிறது. மாசி மாதத்தில் மகாவலி வற்றினால், வளைவிலே பாறைகளுக்கு நடுவே பதினைந்து இருபது குட்டைகள் தேங்கும். வெயில் நேரே விழும். தண்ணீர் மிகவும் தெளிவாக இருக்கும்.